பனியில் படுத்துறங்கிய அதிபர்: ரூஸ்வெல்ட்டின் காட்டு மோகம் அமெரிக்காவுக்கு என்ன தந்தது?

முதுகில் பை, கையில் டென்ட், காலில் ஷூ. வார இறுதி வந்தால் மலையேறக் கிளம்பிவிடும் ஆட்கள் இப்போது எல்லா நகரங்களிலும் இருக்கிறார்கள். ஞாயிறு இரவு வீடு திரும்பி, போட்டோக்களைப் பகிர்வதோடு பெரும்பாலும் அந்தப் பயணம் முடிந்துவிடும்.

இதே பழக்கத்தை வாழ்நாள் முழுக்க விடாமல் வைத்திருந்த ஒருவர், 1901 முதல் 1909 வரை அமெரிக்க அதிபராக இருந்தார். பெயர் தியோடர் ரூஸ்வெல்ட். இரண்டாம் உலகப் போர் காலத்து அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வேறு ஆள். இவருக்குத் தூரத்து உறவு.

நடை, குதிரை, கூடாரம் மூன்றும் இல்லாமல் தியோடரால் இருக்க முடியாது. ஆனால் காட்டை விட்டு வெளியே வந்த பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. தன் பதவிக்காலத்தில் சுமார் 23 கோடி ஏக்கர் நிலத்தை, அதாவது ஏறக்குறைய 9.3 லட்சம் சதுர கி.மீ. பரப்பை, பாதுகாக்கப்பட்ட பொது நிலமாக்கினார்.

ஒரு மனிதரின் பொழுதுபோக்கு எப்படி ஒரு நாட்டின் சட்டமானது? அந்தக் காடுகள் உண்மையில் யாருக்குக் கிடைத்தன, யாரிடமிருந்து பறிபோயின? இரண்டு கேள்விக்கும் பதில் அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது.

மூச்சுவிடவே சிரமப்பட்ட பையன்

1858 அக்டோபர் 27-ம் தேதி நியூயார்க் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார் ரூஸ்வெல்ட். பணத்துக்குக் குறைவில்லை, மூச்சுக்குத்தான் பஞ்சம். கடுமையான ஆஸ்துமா. இரவில் மூச்சு முட்டும்போது, குதிரை வண்டியில் உட்கார வைத்து நகரத் தெருக்களில் ஓட்டிச் செல்வார் அப்பா. காற்று முகத்தில் அடித்தால் பையனுக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும்.

வெளியே ஓடியாட முடியாத பையன், வீட்டுக்குள்ளேயே ஓர் அருங்காட்சியகம் தொடங்கினான். சந்தையில் பார்த்த ஒரு கடல் நாயின் மண்டை ஓட்டில் ஆரம்பித்தது அந்தச் சேகரிப்பு. பிறகு எலி, பறவை, பூச்சி என்று வீடே நிறைந்தது. உடம்பை நீயேதான் தேற்றிக்கொள்ள வேண்டும் என்று அப்பா சொன்னதும், வீட்டிலேயே உடற்பயிற்சிக்கூடம் வந்தது.

13 வயதுவாக்கில்தான் இன்னொரு குறை தெரியவந்தது. துப்பாக்கி கொடுத்தால் குறி வைக்க முடியவில்லை. மற்றவர்கள் சுட்டிக்காட்டும் எதுவும் கண்ணில் படவில்லை. கிட்டப்பார்வை. கண்ணாடி போட்ட பிறகு உலகமே புதிதாகத் தெரிந்தது அவருக்கு.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது மெய்ன் மாகாணத்துக் காடுகளுக்குப் போகத் தொடங்கினார். அங்கே பில் சூவல் என்ற காட்டு வழிகாட்டி நண்பரானார். 1879-ல் மெய்னின் உயரமான மலையான கட்டாடினில் ஏறினார். படிப்பு முடியும் நேரத்தில் உடலைப் பரிசோதித்த மருத்துவர், இதயம் பலவீனமாக இருக்கிறது, இனி மாடிப்படிகூட வேகமாக ஏறக் கூடாது என்று எச்சரித்தார். ரூஸ்வெல்ட் இதை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டே, மனைவியோடு போன ஐரோப்பியப் பயணத்தில், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் ஏறிவிட்டார்!

ஒரே நாளில் இரண்டு மரணம்

1884 பிப்ரவரி 14. நியூயார்க்கில் ஒரே வீட்டில், ஒரே நாளில், அவருடைய அம்மாவும் மனைவி ஆலிஸும் இறந்தார்கள். அம்மாவுக்கு டைபாய்டு, மனைவிக்குச் சிறுநீரக நோய். பெண் குழந்தை பிறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அப்போது அவருக்கு வயது 25.

குழந்தையை அக்காவிடம் ஒப்படைத்தார். நியூயார்க் மாகாண சட்டமன்றத்தில் இருந்த பதவியைத் தொடரவில்லை. மேற்கே, டகோட்டாவின் வறண்ட பள்ளத்தாக்குகளை நோக்கிக் கிளம்பினார். முந்தைய ஆண்டு வேட்டைக்குப் போனபோதே அங்கே ஒரு மாட்டுப் பண்ணையில் 14,000 டாலர் முதலீடு செய்திருந்தார். இப்போது லிட்டில் மிசௌரி ஆற்றங்கரையில் எல்க்ஹார்ன் என்ற இரண்டாவது பண்ணையை அமைத்தார். மெய்ன் நண்பர் சூவல் வந்து அந்த மரவீட்டைக் கட்டிக் கொடுத்தார்.

டகோட்டாவில் என்ன கற்றார்?

நகரத்துப் பணக்காரப் பையன், கண்ணாடி வேறு. மாடு மேய்ப்பவர்கள் ஆரம்பத்தில் நான்கு கண்ணன் என்று கேலி செய்தார்கள். மேய்ச்சலில் சிதறிய மாடுகளைத் திரட்டும் பருவத்தில் அவர்களோடு சமமாக வேலை பார்த்தார். விடிவதற்கு முன் குதிரை ஏறினால், ஒரு குதிரை களைத்ததும் அடுத்த குதிரை. இரவில் தரையில் போர்வை விரித்துத் தூக்கம். சில வாரங்களில் கேலி நின்றது.

1886 வசந்தத்தில் அவருடைய படகை மூன்று பேர் திருடிக்கொண்டு போனார்கள். பனிக்கட்டிகள் மிதக்கும் ஆற்றில் இன்னொரு படகில் துரத்திப் பிடித்தார். அங்கேயே சுட்டுத் தள்ளுவதுதான் அந்த ஊர் வழக்கம். அவரோ பல நாள் காவல் காத்து, நடத்திக் கூட்டிப் போய் போலீஸில் ஒப்படைத்தார். வழியில் விழித்திருக்கும் நேரத்தில் டால்ஸ்டாயின் 'அன்னா கரேனினா' நாவலையும் படித்து முடித்தார்.

டகோட்டா அவருக்கு ஆறுதல் மட்டும் தரவில்லை, ஒரு பயத்தையும் காட்டியது. 1883-ல் அவர் முதன்முதலாக வந்ததே பைசன் எனப்படும் காட்டெருமையைச் சுடத்தான். மழையில் நனைந்து நாள்கணக்கில் தேடிய பிறகே ஒன்று கிடைத்தது. ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் மேய்ந்த விலங்கு, கண்ணெதிரே காணாமல் போய்க்கொண்டிருந்தது. புல்வெளியும் அளவுக்கு மீறிய மேய்ச்சலில் தேய்ந்தது. 1886-87 கடுங்குளிரில் அந்தப் பகுதியின் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ரூஸ்வெல்ட்டின் மந்தையிலும் பாதிக்கு மேல் போயிற்று.

முதலீடு நஷ்டம்தான். ஆனால், எவ்வளவு எடுத்தாலும் தீராது என்று எல்லோரும் நம்பிய இயற்கை சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும் என்பதை அவர் நேரில் பார்த்துவிட்டார். 1887-ல் இயற்கை ஆர்வலர் ஜார்ஜ் பேர்ட் கிரின்னெல் உள்ளிட்டோரோடு சேர்ந்து பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பைத் தொடங்கினார். வேட்டைக்காரர்களே விலங்குகளைக் காப்பாற்றச் சட்டம் கேட்ட அமைப்பு அது.

மலையில் வந்த தந்தி

அதன் பிறகு அரசியலில் ஏறுமுகம். 1898-ல் கியூபாவில் நடந்த ஸ்பெயின் போரில் 'ரஃப் ரைடர்ஸ்' குதிரைப்படையோடு போய் நாடறிந்த ஆளானார். வேடிக்கை என்னவென்றால், கப்பலில் இடமில்லாததால் வீரர்களின் குதிரைகள் பெரும்பாலும் புளோரிடாவிலேயே நின்றுவிட்டன. குதிரைப்படை நடந்தேதான் சண்டை போட்டது. பிறகு நியூயார்க் ஆளுநர், 1901-ல் துணை அதிபர்.

அந்த ஆண்டு செப்டம்பர் 6-ம் தேதி அதிபர் வில்லியம் மெக்கின்லி சுடப்பட்டார். தேறிவருகிறார் என்று மருத்துவர்கள் சொன்னதால், ரூஸ்வெல்ட் குடும்பத்தோடு அடிரோண்டாக் மலைகளுக்குப் போனார். 13-ம் தேதி நியூயார்க் மாகாணத்தின் உயரமான சிகரமான மார்சியில் ஏறிவிட்டு, கீழே ஓர் ஏரிக்கரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தந்தியோடு மேலேறி வந்தார் ஒரு வழிகாட்டி. அதிபரின் நிலைமை மோசம்.

இருட்டில், சேற்றுப் பாதையில், வழியில் குதிரைகளை மாற்றி மாற்றி விடிய விடிய வண்டிப் பயணம். ரயில் நிலையம் வந்தபோது மெக்கின்லி இறந்துவிட்ட செய்தி காத்திருந்தது. அன்றே, 42 வயதில், பதவியேற்றார். அமெரிக்காவில் இவ்வளவு சிறிய வயதில் அதிபரானவர் இதுவரை வேறு யாரும் இல்லை.

வாஷிங்டனிலும் அதே ஆட்டம்

அதிபரான பிறகும் அவர் அடங்கவில்லை. வாஷிங்டனின் ராக் க்ரீக் பகுதியில் நடைக்குக் கூப்பிடுவார். அமைச்சர்கள், தூதர்கள் யாராக இருந்தாலும் ஒரே விதிதான். பாறை வந்தால் ஏற வேண்டும்; ஓடை வந்தால் இறங்கிக் கடக்க வேண்டும். சுற்றிப் போவது கூடாது. சொந்தப் பிள்ளைகளை முகாமுக்கு அழைத்துப் போகும்போதும் அதே விதி.

ராணுவ அதிகாரிகளின் உடல்தகுதிக்கு மூன்று நாளில் 90 மைல் குதிரைச் சவாரி என்று ஒரு தேர்வு வைத்தார். இது கொடுமை என்று முணுமுணுப்பு எழுந்தது. 1909 ஜனவரி 13-ம் தேதி அதிகாலையில் அவரே குதிரை ஏறினார். வர்ஜீனியாவில் உள்ள வாரன்டன் வரை போய், திரும்பும் வழியில் உறைபனி மழையில் நனைந்து, இரவில் வெள்ளை மாளிகை வந்து சேர்ந்தார். ஒரே நாளில் 100 மைலுக்குச் சற்றுக் குறைவு. அதன் பிறகு முணுமுணுக்க யாருக்கு வாய் வரும்?

குழந்தைகளின் டெடி பியர் பொம்மைக்குப் பெயர் வந்ததும் இவரால்தான். 1902-ல் மிசிசிப்பியில் கரடி வேட்டை. வழிகாட்டி ஹோல்ட் காலியர், அடிமையாகப் பிறந்து பேர்பெற்ற வேட்டைக்காரரானவர். அவர் ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டி வைத்தார். கட்டிப்போட்ட விலங்கைச் சுடுவது அழகல்ல என்று மறுத்துவிட்டார் ரூஸ்வெல்ட். அது கார்ட்டூனாக வர, மிட்டாய்க் கடைக்காரர் ஒருவர் கரடி பொம்மைக்கு டெடி என்ற அவருடைய செல்லப் பெயரை வைத்துவிட்டார். பலர் அறியாத முடிவு ஒன்று உண்டு: காயம்பட்டுக் கிடந்த அந்தக் கரடியை வலியில்லாமல் முடித்துவிடச் சொன்னவரும் ரூஸ்வெல்ட்தான்.

மூன்று இரவுகள், ஒரு கோரிக்கை

1903 மே மாதம், மேற்கு மாகாணச் சுற்றுப்பயணத்தின்போது கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனார். விருந்து, வாணவேடிக்கை என்று உள்ளூர் பிரமுகர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். அதிபருக்கு அதில் நாட்டமில்லை. இயற்கை எழுத்தாளர் ஜான் மியூரோடு காட்டில் தங்க வேண்டும் என்று முன்பே கேட்டு எழுதியிருந்தார். ரூஸ்வெல்ட்டுக்கு 44 வயது, மியூருக்கு 65. கூட வந்தவர்களை அனுப்பிவிட்டு, ஓரிரு வழிகாட்டிகளோடு குதிரையில் கிளம்பினார்கள்.

முதல் இரவு, மாரிபோசா தோப்பில் ராட்சத செக்வோயா மரங்களின் அடியில், கூடாரம்கூட இல்லாமல் போர்வைக் குவியலில் படுத்தார் அமெரிக்க அதிபர். இரண்டாவது இரவு சென்டினல் டோம் அருகே பனி கொட்டியது. காலையில் போர்வை மேல் பனி மூடிக் கிடக்க, குழந்தையைப்போலக் குதூகலித்தார். மூன்றாவது இரவு பள்ளத்தாக்கின் பிரைடல்வெயில் புல்வெளியில்.

இருவருமே வாயாடிகள். யார் பேசுவது, யார் கேட்பது என்பதே பிரச்சினையாக இருந்ததாகக் கூட இருந்த வழிகாட்டி பின்னாளில் நினைவுகூர்ந்தார். வேட்டையை எப்போது விடப் போகிறீர்கள் என்று மியூர் முகத்துக்கு நேராகக் கேட்டதாகவும் சொல்வார்கள்.

மியூருக்கு முக்கியமான கோரிக்கை ஒன்று இருந்தது. யோசெமிட்டியைச் சுற்றியுள்ள மலைப்பகுதி 1890 முதல் தேசியப் பூங்கா. ஆனால் நடுவிலுள்ள பள்ளத்தாக்கும் மாரிபோசா தோப்பும் மாகாண அரசின் கையில் இருந்து சீரழிந்துகொண்டிருந்தன. அவற்றை மத்திய அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே கோரிக்கை. கலிபோர்னியா 1905-ல் ஒப்புக்கொண்டது. 1906-ல் நாடாளுமன்றத் தீர்மானத்தில் கையெழுத்திட்டார் ரூஸ்வெல்ட்.

நள்ளிரவுக் காடுகள்

எல்லோரும் இதற்குக் கைதட்டவில்லை. அன்றைய அமெரிக்க மேற்கில் அரசு நிலம் என்றால் முந்தியவர்களுக்குச் சொந்தம் என்ற நிலை. மர நிறுவனங்கள், சுரங்கக்காரர்கள், மாட்டுப் பண்ணையாளர்கள் என்று வரிசையாகக் காத்திருந்தார்கள். இப்போது பாதுகாக்காவிட்டால் பிறகு பாதுகாக்க எதுவும் இருக்காது என்பது ரூஸ்வெல்ட்டின் கணக்கு.

1907-ல் நாடாளுமன்றம் ஒரு செக் வைத்தது. வேளாண் நிதி மசோதாவோடு ஒரு திருத்தத்தை ஒட்டியது: வடமேற்கில் ஆறு மாகாணங்களில் இனி அதிபர் தன்னிச்சையாகக் காப்புக்காடு அறிவிக்க முடியாது. நிதி மசோதா என்பதால் நிராகரிக்கவும் வழியில்லை. கையெழுத்திடச் சில நாள் அவகாசமே இருந்தது.

வனத்துறைத் தலைவர் கிஃபோர்டு பின்ஷோவும் ஊழியர்களும் இரவு பகலாக வரைபடங்களைத் தயாரித்தார்கள். கெடு முடிவதற்குள் 1.6 கோடி ஏக்கரைக் காப்புக்காடாக அறிவித்தார் அதிபர். அதன் பிறகுதான் மசோதாவில் கையெழுத்து. எதிர்ப்பாளர்கள் கொதித்தார்கள். அவற்றுக்கு 'நள்ளிரவுக் காடுகள்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அவருடைய இன்னொரு ஆயுதம் 1906-ன் தொல்சின்னங்கள் சட்டம். வரலாற்று, அறிவியல் மதிப்புள்ள அரசு நிலத்தை நாடாளுமன்ற வாக்கெடுப்பு இல்லாமலே தேசியச் சின்னமாக அறிவிக்க அதிபருக்கு அதிகாரம் தந்தது அது. சிறிய இடிபாடுகளைக் காப்பாற்றத்தான் இந்தச் சட்டம் என்று பலர் நினைத்தார்கள். 1908-ல் ரூஸ்வெல்ட் அதை வைத்து, 8 லட்சம் ஏக்கர் பரப்பில் கிராண்ட் கேன்யனையே தேசியச் சின்னமாக்கினார். சுரங்க உரிமை என்ற பெயரில் நிலத்தை வளைத்து, பள்ளத்தாக்கில் இறங்கும் பாதைக்குக் கட்டணம் வசூலித்துவந்த ரால்ஃப் கேமரன் வழக்காடினார். 1920-ல் உச்ச நீதிமன்றம் அதிபரின் அறிவிப்பு செல்லும் என்றது.

மொத்தக் கணக்கு: 150 தேசியக் காடுகள், 51 பறவைக் காப்பகங்கள், 18 தேசியச் சின்னங்கள், 5 தேசியப் பூங்காக்கள், 4 விலங்குக் காப்பகங்கள்.

காடு யாருக்கு?

எல்லோருக்கும் சொந்தம் என்று அறிவித்த அந்த நிலங்கள் ஆளில்லாமல் கிடந்தவை அல்ல. யோசெமிட்டியில் அவானீச்சி மக்கள் வாழ்ந்தார்கள். ரூஸ்வெல்ட் பிறப்பதற்கு முன்பே, 1851-ல், ஆயுதப்படை அவர்களை விரட்டியது. கிராண்ட் கேன்யனில் ஹவாசுபாய் மக்கள் விவசாயம் செய்துவந்த இடம் பூங்காவுக்குள் போனது. 1928-ல் கடைசி மனிதரும் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். போராட்டத்துக்குப் பிறகு 1975-ல்தான் சுமார் 1.85 லட்சம் ஏக்கர் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

ரூஸ்வெல்ட்டின் எழுத்திலும் பேச்சிலும் பூர்வகுடிகள் மீதான ஏளனம் வெளிப்படையாகவே இருந்தது. மலையும் மானும் அழியக் கூடாது என்று நினைத்தவருக்கு, அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த மனிதர்களின் இழப்பு பெரிதாகப் படவில்லை. நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வாசலில் குதிரை மேல் அவர் அமர்ந்திருக்க, பூர்வகுடி ஒருவரும் ஆப்பிரிக்கர் ஒருவரும் கீழே நடந்து வருவதுபோல ஒரு சிலை இருந்தது. நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு 2022 ஜனவரியில் அது அகற்றப்பட்டது.

வேட்டையையும் அவர் விடவில்லை. பதவி முடிந்ததும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்காக ஆப்பிரிக்கா போனார். அந்தக் குழு சேகரித்த உயிரினங்கள் 11,000-க்கும் மேல். அவரும் மகன் கெர்மிட்டும் மட்டும் சுட்டவை 500-க்கும் அதிகம். மியூருக்கும் ஒரு வருத்தம் மிச்சமிருந்தது. யோசெமிட்டி பூங்காவுக்குள் இருந்த ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் சான் பிரான்சிஸ்கோ நகருக்காக அணை கட்ட, 1908-ல் ரூஸ்வெல்ட் அரசுதான் முதல் அனுமதி தந்தது.

உயிரைக் குடிக்கப் பார்த்த ஆறு

1912-ல் மூன்றாவது கட்சி வேட்பாளராக நின்று தோற்றார். தோல்வி வந்தால் காட்டுக்குப் போவது அவருக்குப் பழக்கமாயிற்றே! 55 வயதில், பிரேசில் அதிகாரி கண்டிடோ ரோண்டனோடு, வரைபடத்தில் இல்லாத ஓர் ஆற்றில் 1914 பிப்ரவரி இறுதியில் படகு இறக்கினார்.

ஆறு அருவியும் சுழலுமாக இருந்தது. படகுகள் உடைந்தன, உணவு தீர்ந்தது. குழுவில் ஒருவர் மூழ்கி இறந்தார், இன்னொருவர் கொலையானார். ரூஸ்வெல்ட்டின் காலில் பட்ட காயம் சீழ் பிடிக்க, மலேரியாவும் சேர்ந்துகொண்டது. தன்னை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். கையில் மார்ஃபின் இருந்தது. அப்பா இல்லாமல் போக மாட்டேன் என்று கெர்மிட் பிடிவாதமாக நின்றதால்தான் உயிரோடு வெளியே வந்தார். அந்த ஆற்றுக்கு இன்று அவர் பெயர். ஆனால் உடம்பு பழையபடி தேறவே இல்லை. 1918-ல் கடைசி மகன் குவென்டின் முதல் உலகப்போரில் விமானத்தோடு சுட்டு வீழ்த்தப்பட்டார். 1919 ஜனவரி 6-ம் தேதி, 60 வயதில், தூக்கத்திலேயே ரூஸ்வெல்ட்டின் உயிர் பிரிந்தது. 51 நாள் கழித்து கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா ஆனது.

இன்னும் ஓயாத சண்டை

அவர் பயன்படுத்திய 1906 சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது, சண்டையும்தான். யூட்டா மாகாணத்தின் பேர்ஸ் இயர்ஸ் நிலப்பகுதியை 2016-ல் அதே சட்டத்தின் கீழ் தேசியச் சின்னமாக்கினார் ஒபாமா. 2017-ல் டிரம்ப் அதை 85 சதவீதம் வெட்டினார். 2021-ல் பைடன் மீட்டார். ஓர் அதிபரின் கையெழுத்து காப்பாற்றிய காட்டை, அடுத்த அதிபரின் கையெழுத்து சுருக்க முடியும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இந்த முறை ஒரு வித்தியாசம். பேர்ஸ் இயர்ஸைக் காப்பாற்றச் சொல்லி வெள்ளை மாளிகையின் கதவைத் தட்டியவர்கள் ஹோப்பி, நவாஹோ உள்ளிட்ட 5 பூர்வகுடி அரசுகள். ரூஸ்வெல்ட் எழுதிய கணக்கில் விடுபட்டுப்போனவர்கள், அவர் விட்டுச்சென்ற சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, தங்கள் மலைக்காகத் தாங்களே பேசுகிறார்கள்.